எஸ். பாகீரதியின் அமெரிக்கத் திட்டம்

டென்வர் நகரத்து ஓட்டலிலிருந்து வந்த கடிதம் பாகீரதியின் கைக்கு வருவதற்குள் தொழிற்சாலையில் ஆறு பேர் அதைப் படித்து முடித்திருந்தார்கள். ஏழாவது ஆள்தான் அவள். இத்தனைக்கும் அது அவள் எழுதிய கடிதத்துக்கு வந்த பதில்.

அரசாங்கத் தொழிற்சாலையின் வழக்கம் அப்படி. வெளியிலிருந்து வருகிற உறை எதுவானாலும் தபால் குமாஸ்தா ஜெயராஜ்தான் கிழிப்பார். தேதி முத்திரை குத்தி, எண் போட்டு, பெரிய பதிவேட்டில் விஷயத்தைச் சுருக்கமாக எழுதிக்கொள்வார். அப்புறம் அது ஹெட்கிளார்க், சூப்பரின்டெண்டெண்ட் என்று மேஜை மேஜையாக ஏறும். ஓரத்தில் ஒவ்வொருவரும் கையெழுத்தைக் கிறுக்குவார்கள். கடைசியில் ஜெனரல் மேனேஜர் ஸ்ரீகண்டன் பார்த்த பிறகே கீழே இறங்கி உரியவரிடம் வந்து சேரும். பள்ளிக்கூட விலாசத்தைக் கொடுக்கிறேன் என்று பாகீரதி எவ்வளவோ சொன்னாள். "பள்ளிக்கூடத்த எந்த வெள்ளைக்காரன் மதிப்பான்? என் ஆபீஸ் விலாசம் போடு" என்று அடம்பிடித்தவர் அவள் கணவர் வெங்கடசுப்ரமணியன். இப்போது மானம் போய்விட்டது என்று குதிப்பவரும் அவர்தான்.

அன்று தொழிற்சாலை பஸ் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அவரை இறக்கிவிட்டபோது ஐந்தரை மணி. செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்து கடிதத்தை மேஜைமேல் வீசினார்.

"படி. நீயே வாய்விட்டுப் படி."

பாகீரதி படித்தாள். அக்டோபர் மாதம் எட்டாம் தேதி திரு. வெங்கடசுப்ரமணியனுக்கும் செல்வி பாகீரதிக்கும் ஒரே அறையைத் தர முடியாததற்கு ஓட்டல்காரர்கள் மிகவும் வருந்தினார்கள். மணமாகாதவர்களை ஒரே அறையில் தங்க வைப்பது தங்கள் ஓட்டலின் வழக்கமல்ல என்று மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் பச்சை மசியில் ஜெனரல் மேனேஜரின் கையெழுத்து: 'உடனே வந்து பார்க்கவும்.'

பாகீரதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"சிரிக்கறியா? 'வெங்கட், யாரு இந்த மிஸ் பாகீரதி'ன்னு நாலு பேருக்கு முன்னால கேக்கறார் ஜி.எம். அந்த ஜெயராஜ் என் மூஞ்சியப் பாக்காம குனிஞ்சுண்டு போறான். உன்ன யாரு எஸ். பாகீரதின்னு போடச் சொன்னா?"

"அது என் பேருன்னா."

"மிஸஸ் வெங்கடசுப்ரமணியன்னு போட்டா கை வலிக்குமா?"

பிறந்ததிலிருந்து அவள் எஸ். பாகீரதி. அப்பா ஸ்ரீனிவாசன். பி.ஏ. பட்டத்திலும் எல்.டி. ஆசிரியர் பட்டத்திலும், பதினாறு வருஷமாகப் பூகோளம் சொல்லிக்கொடுக்கும் பெண்கள் ஹைஸ்கூல் ரிஜிஸ்டரிலும், போன மாதம் மதராஸிலிருந்து வந்த பாஸ்போர்ட்டிலும் அதுதான் பெயர். அவர் பி. வெங்கடசுப்ரமணியன், அவருடைய அப்பா பாலகிருஷ்ணன். பிள்ளை, கிண்டியில் என்ஜினீயரிங் படிக்கிறவன், வி. ஷங்கர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று இனிஷியல். யாருக்கும் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தமிழர் வீடு அத்தனையும் அப்படித்தான். டென்வரில் உட்கார்ந்திருக்கிற ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்? கடைசியில் இருக்கிற பெயர் வேறு வேறு என்றால் இவர்கள் வேறு வேறு வீட்டுக்காரர்கள் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். அவனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

"நாங்க ஆம்படையான் பெண்டாட்டி, எங்க ஊர்ல பேர் வெக்கற வழக்கம் இதுன்னு நாலு வரி எழுதினா தீர்ந்துது. நாளைக்கே எழுதறேன். இதுக்குப் போய் இவ்வளவு கோபமா?" என்றாள்.

வெங்கடசுப்ரமணியன் அப்போதுதான் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தார். குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. குனிந்தபடியே சொன்னார்:

"ஒண்ணும் எழுத வேண்டாம். நீ வர வேண்டாம்னு முடிவு பண்ணியாச்சு."

பாகீரதி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காதில் விழுந்தது மனதுக்குள் இறங்கவில்லை.

"அக்டோபர்ல ஜி.எம்.மும் அமெரிக்கா வரார், மெஷின் பாக்கறதுக்கு. 'நாம ரெண்டு பேரும் சேர்ந்தே சுத்திட்டு வந்துடலாம்'னார். உன் நோட்டக் காமிச்சேன். ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஞாயித்துக்கிழமை கார்த்தால காபிக்கு வரார். அதுக்குள்ள ஒரு ஃபேர் காப்பி போட்டு வெச்சுடு. உன் கையெழுத்து நன்னா இருக்கும்."

உன் நோட்டைக் காட்டினேன் என்றாரே, அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வருஷம் ஜூலையில், கணவருக்கு அமெரிக்காவில் நான்கு மாதப் பயிற்சி என்று ஊர்ஜிதமானது. கூப்பிட்டவர்களே மனைவிக்கும் போகவர டிக்கெட் கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் ஒரு மாதம் இரண்டு பேரும் ஊர் சுற்றலாம் என்று வெங்கடசுப்ரமணியன் போகிறபோக்கில் ஒரு வார்த்தை சொன்னார். அவருக்கு அது வெறும் வார்த்தை. பாகீரதிக்கு அன்றைக்கே நோட்டு போட்டாயிற்று.

அந்த தேசத்தில் எந்த ஊருக்கு எழுதினாலும் இலவசமாக மேப் அனுப்புவார்கள் என்று நூலகத்துப் பத்திரிகை ஒன்றில் படித்து, நாற்பத்துமூன்று இடங்களுக்கு எழுதினாள். கப்பல் தபாலில் மேப்புகளும் ரயில் அட்டவணைகளும் வந்து குவிந்தன. நியூயார்க்கில் தொடங்கி சான் ஃபிரான்சிஸ்கோவில் முடிகிற மாதிரி, முப்பத்தொரு நாளில் ஏழு ஊர். எந்த ரயில் எத்தனை மணிக்கு, ஸ்டேஷனிலிருந்து ஓட்டல் எத்தனை தெரு, எந்த மியூசியம் திங்கட்கிழமை மூடியிருக்கும், முட்டை வாசம்கூடப் படாத சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று எட்டு மாதம் உட்கார்ந்து போட்ட கணக்கு. வெங்கடசுப்ரமணியன் அந்த எட்டு மாதத்தில் கொடுத்த யோசனை ஒன்றே ஒன்றுதான்: எந்த ஊரிலிருந்தும் ராகு காலத்தில் கிளம்பக் கூடாது. பெங்களூர் ராகு காலமா, அந்த ஊர் ராகு காலமா என்று அவள் கேட்டதற்கு, "பஞ்சாங்கத்துல போட்டிருக்கறதுதான் ராகு காலம்" என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருப்பினார். அவள் அந்தந்த ஊர் சூரியோதயத்தைக் கண்டுபிடித்து, அதற்கும் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

அந்த நோட்டில் அவள் உயிரே இருந்தது டென்வர் பக்கத்தில்தான். பதினாறு வருஷம், ஒன்பதாம் வகுப்புக்கு, சாக்பீஸால் ராக்கி மலையை வரைந்து வரைந்து அழித்திருக்கிறாள். பனி மூடிய மலையை மருந்துக்குக்கூடப் பார்த்ததில்லை. நந்தி மலையைத் தாண்டி அவள் ஏறிய மலை திருப்பதி. சிகாகோ ரயில் போய்ச் சேர்வதற்குள் அன்றைய மலை ரயில் கிளம்பிவிடும்; டென்வரில் ஓர் இரவு தங்கி மறுநாள் காலை ரயிலைப் பிடித்தால் மலைத்தொடர் முழுவதையும் பகல் வெளிச்சத்தில் கடக்கலாம். அதற்காகவே அந்த ஊரில் இறங்குவதாகத் திட்டம்.

"எனக்கு டிக்கெட் வேணும்னு நீங்க கையெழுத்துப் போட வேண்டிய ஃபாரம் ஒண்ணு வந்துதே, அது எங்கே?" என்று கேட்டாள். பதினைந்து நாளாக அவருடைய பைக்குள் இருக்கிற ஃபாரம். திங்கட்கிழமைத் தபாலில் போகாவிட்டால் டிக்கெட் கிடையாது.

"பைல இருக்கு. அது இனிமே எதுக்கு?"

"ஓட்டல்காரன் ரெண்டு பேர் பேரும் வேற வேறன்னுதானே ரூம் தர மாட்டேங்கறான். உங்களுக்கும் உங்க ஜி.எம்.முக்கும் மட்டும் ஒரே பேரா?"

"ஆம்பளைகள யார் கேக்கப்போறா? பேத்தாதே. காபி கொண்டா."

காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்த வேகத்தில் டம்ளர் டபராவுக்குள் ஒரு தடவை சுற்றி நின்றது. அவ்வளவுதான் அன்றைக்கு அவளால் முடிந்தது. அதற்காக அவளுக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

புதன், வியாழன், வெள்ளி என்று மூன்று நாள் கேட்டாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று தன்மையாகக் கேட்டாள், சண்டை போட்டுக் கேட்டாள், மூன்றாம் நாள் கெஞ்சியும் கேட்டாள். கெஞ்சியதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார்: "ஜி.எம். ஒண்ணு சொன்னா நான் எப்படி மாட்டேங்கறது? அடுத்த வருஷம் புரமோஷன் இருக்கோன்னோ?" அவளிடம் மாட்டேன் என்று சொல்ல மட்டும் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ் ஜோசஃபின் அவளை நிறுத்தினார். "மிஸ், உங்க ரெண்டு மாச லீவ் சாங்ஷன் ஆகிடுச்சு. திரும்பி வந்து அசெம்பிளியில ஒரு லெக்சர் குடுக்கணும், ஆமா" என்று முதுகில் தட்டினார். பாகீரதி தேங்க்ஸ் சொன்னாள். வகுப்புக்குப் போய் போர்டில் வட அமெரிக்காவை வரையத் தொடங்கியவள் மலை வருகிற இடத்தில் சாக்பீஸை அழுத்திய அழுத்தில் அது இரண்டாக உடைந்தது. முன்பெஞ்சுப் பெண்கள் திடுக்கிட்டார்கள். உடைந்த துண்டாலேயே மீதியை வரைந்து முடித்தாள்.

அன்று சாயங்காலம் ஃபேர் காப்பி போடுவதற்கு என்று நோட்டை எடுத்தாள். குளியலறை வெந்நீர் அடுப்பில் விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம் அதன் எதிரே நின்றாள். கை வரவில்லை. அவர் செய்ததற்கு நான் எதற்கு என் எட்டு மாதத்தை எரிக்க வேண்டும் என்று தோன்றியது. நோட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். ஃபேர் காப்பி போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்ரீகண்டனின் கார் வாசலில் வந்து நின்றது. பருத்த உடம்பு, வெள்ளை பேண்ட், தலையில் பாதி வழுக்கை. மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்து வேலையில் இருந்த தமிழ்க் குடும்பம். பேச்சில் பாதி கன்னடம். நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் திருப்பினார். பாகீரதி காபியுடன் கூடத்துக்குள் நுழைந்தபோது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"எட்டு மாசம் உக்காந்து போட்டேன்னு சொன்னப்ப நான் நம்பலை வெங்கட். சும்னே பீத்திக்கறீங்கன்னு நெனச்சேன். இன்னிக்கு முழுசா பாத்தா பிரமாதமா போட்டிருக்கீங்க! ஃபேக்டரி புரொடக்‌ஷன் பிளான்கூட நீங்க இவ்வளவு நீட்டா போட்டதில்லை."

பாகீரதி தட்டை நீட்டினாள். கணவரைப் பார்த்தாள். அவர் காபி டம்ளரைப் பார்த்தார். டம்ளரை எடுத்து, ஆற்றி, "ஏதோ சார், நேரம் கெடைச்சப்போ" என்றார்.

உடம்பெல்லாம் தீயாக எரிந்தது அவளுக்கு. தன்னை விட்டுவிட்டுப் போவது ஒன்று. அதைக்கூட ஒருநாள் மறந்துவிடலாம். இது திருட்டு. அவள் கண்ணெதிரே, அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே செய்கிற திருட்டு.

"ஆனா நோடி, இதப் பாருங்க, ஒரு மிஸ்டேக் இருக்கு" என்றார் ஸ்ரீகண்டன், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. "சிகாகோவுல மத்தியானம் மூணு மணிக்கு ரயில். டென்வர்ல மறுநாள் காலைல எட்டு மணி. பதினேழு மணி நேரம்தானே ஆச்சு? நீங்க பதினெட்டுன்னு போட்டிருக்கீங்க."

வெங்கடசுப்ரமணியன் எட்டிப் பார்த்தார். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "ஆமா சார், கூட்டல்ல தப்பு. திருத்திடறேன்" என்று சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து அந்த எண்ணின்மேல் வைத்தார்.

"பென்சில எடுங்கோ."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பாகீரதி தட்டைக் கீழே வைத்தாள்.

"அது பதினெட்டுதான். அந்த தேசம் அவ்வளவு அகலம் சார். மேற்கே போகப் போக நடுவுல கடியாரத்த ஒரு மணி பின்னால தள்ளி வெக்கணும். டென்வர்ல எட்டு அடிக்கறப்போ சிகாகோவுல ஒன்பது. உக்காந்துண்டு போறவனுக்குப் பதினெட்டு மணி நேரம்."

"ஹௌதா? அப்படியா?" ஸ்ரீகண்டன் வாயைப் பிளந்தார். "வெங்கட், இதை நீங்க சொல்லவேயில்லையே?"

"அவருக்குத் தெரியாது" என்றாள் பாகீரதி.

"பாகீ, உள்ள போ" என்றார் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எதுக்கு டென்வர்ல எறங்கணும்னு அவரக் கேளுங்கோ. சால்ட் லேக் சிட்டியில ஏன் ரெண்டு நாள்னு கேளுங்கோ. நியூயார்க்ல எந்தத் தெருவுல ஓட்டல்னு கேளுங்கோ. நோட்டப் பாக்காம ஒண்ணு, ஒரே ஒண்ணு சொல்லட்டும், நான் உள்ள போயிடறேன்."

வெளியே காய்கறி வண்டிக்காரி கன்னடத்தில் கூவிக்கொண்டு போனாள். அவள் அடுத்த தெருவுக்குள் திரும்புவதற்குள் வெங்கடசுப்ரமணியன் நோட்டை இரண்டு தடவை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டார்.

"நான் போட்டது சார்" என்றாள் பாகீரதி. "முதல் பக்கத்துலேந்து கடைசிப் பக்கம் வரைக்கும். ஏழு ஊர் ஓட்டலுக்கும் எழுதினது நான். உங்க ஆபீஸ்ல ஆறு பேர் படிச்சாளே, அந்த மிஸ் பாகீரதி நான்தான். நீங்க ரெண்டு பேரும் போறதுன்னா தாராளமா போங்கோ. ஆனா வேற நோட்டு போட்டுண்டு போங்கோ." நோட்டை அவர் முன்னாலிருந்து இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

ஸ்ரீகண்டன் நல்ல மனிதர்தான். முகம் சிவந்துவிட்டது. "எனக்கு இது தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. 'அவளுக்கு அவ்வளவு தூரம் வர பயம், வரமாட்டேங்கறா'ன்னு வெங்கட் சொன்னார். அப்ப நாம ரெண்டு பேரும் போகலாம்னு நான் சொன்னேன்."

பாகீரதி கணவரின் பக்கம் திரும்பினாள். பயம் என்று சொல்லியிருக்கிறார். யோசனை ஜி.எம்.முடையது என்று மூன்று நாளும் சொல்லிக் கெஞ்ச வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்த மனிதர்.

"ஃபாரம் அவர் பையில இருக்கு சார். இன்னும் கையெழுத்துப் போடல்லே. நாளைக்குத் தபால்ல போகணும்."

"வெங்கட், ஃபாரத்தை எடுங்க" என்றார் ஸ்ரீகண்டன். "போடுங்க கையெழுத்து."

வெங்கடசுப்ரமணியன் எழுந்து போய்ப் பையைத் திறந்தார், ஃபாரத்தை எடுத்தார், மேனேஜர் நீட்டிய பேனாவை வாங்கினார், எங்கே போட வேண்டும் என்று அவரையே கேட்டுப் போட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நாள் அவள் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டது அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பாகீரதிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மேனேஜர் போடச் சொன்னார், போட்டார்; போடாதே என்று சொல்லியிருந்தால் போட்டிருக்க மாட்டார். தான் அங்கே நின்றதற்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தபோது, அதுவரை வந்த கோபமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது.

ஸ்ரீகண்டன் கைகூப்பிவிட்டுக் காரில் ஏறினார். கார் திரும்புகிறவரை வாசலில் சிரித்துக்கொண்டு நின்ற வெங்கடசுப்ரமணியன் கதவைச் சாத்தியதும் கத்த ஆரம்பித்தார். வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள், புரமோஷனுக்கு உலை வைத்துவிட்டாள், படித்த திமிர், சம்பாதிக்கிற திமிர். பாகீரதி ஃபாரத்தை உறைக்குள் போட்டு ஒட்டினாள். விலாசம் எழுதினாள். கத்திக் கத்தி அவருக்கே அலுத்துப்போனது. ஈஸிசேரில் சாய்ந்து பேப்பரைப் பிரித்தார். கால் மணி நேரம் கழித்துக் குரல் இறங்கி வந்தது.

"சரி, விடு. நடந்தது நடந்துபோச்சு. நீயும் வா. யார் வேண்டாம்னா?"

பாகீரதி மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

"டென்வர்காரனுக்குத்தானே எழுதறே? மிஸஸ் வெங்கடசுப்ரமணியன்னு தெளிவா போட்டுடு. ஒரே ரூம், டபிள் ரூம்னு எழுது."

அவள் எழுதி முடித்து, மை ஒற்றும் காகிதத்தை அழுத்தி எடுத்தாள். பிறகு, வகுப்பில் படிக்கிற நிதானத்தோடு தமிழில் சொன்னாள்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் ஓட்டலின் வழக்கம் எனக்குச் சம்மதம். பி. வெங்கடசுப்ரமணியன் பெயரில் ஓர் அறையும், எஸ். பாகீரதி பெயரில் ஓர் அறையும் ஒதுக்கிவைக்கவும்."

பேப்பர் மடியில் விழுந்தது. "என்னடி இது? நாம கல்யாணம் ஆகாதவான்னு அவன் நெனச்சுண்டே இருப்பானே!"

"நெனச்சுக்கட்டும்."

அவர் எழுந்து வந்து மேஜையருகில் நின்றார். தாழ்ந்த குரலில் கேட்டார்: "டென்வர்ல மட்டுந்தானே, பாகீ?"

பாகீரதி அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த தாளை எடுத்து, மேலே சிகாகோ ஓட்டலின் விலாசத்தை எழுத ஆரம்பித்தாள்.